காவல் சம்மனசுக்கு டேங்க் மாத்தினது

தம்பி, அந்தச் சன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி விடுதியளா? டீசல் வாடை. உங்களுக்கு அடிக்கலியா? எனக்கு அடிக்குது. பஸ்ஸுல கால் வச்ச உடனே சொல்லிருவேன், இந்த வண்டியில எங்கேயோ ஒழுகுதுன்னு. என் மூக்கு அப்படி. இந்த மூக்கை வச்சுக்கிட்டே கடல்ல ஓடுற சொந்தப் போட்டுல ஒழுகினது தெரியலன்னு என் பொண்டாட்டி ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதா. தெரியாம இல்ல தம்பி. தெரியும். தெரிஞ்சு, அது பெரிய விசயம் இல்லன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்லா?

நீங்க எதுவரைக்கும்? திருச்செந்தூரா? நல்லதாப் போச்சு. நான் அதையும் தாண்டி மணப்பாடு, மக வீட்டுக்கு. உக்காருங்க, சாஞ்சு உக்காருங்க.

எனக்குப் பேரு ரெமிஜியூஸ். தூத்துக்குடியில சொந்தமா விசைப்படகு இருக்கு. பழைய மரப்போட்டு. பேரு 'காவல் சம்மனசு', காக்குற தேவதூதர்னு அர்த்தம். இப்ப உள்ளவனெல்லாம் இரும்புல கட்டுதான். என் போட்டு மரம். அதோட வயிசுல பாதிகூட இருக்காது உங்களுக்கு. போட்டு கட்டும்போதே உள்ள டீசல் டேங்கை வச்சு, அதுக்கு மேலதான் மேல்தளத் தட்டு அடிச்சாவ. பெரிய இரும்பு டேங்க். எஞ்சின் அறைக்குப் பக்கத்துல சிவனேன்னு கிடந்துச்சு. அதை யாரும் பாத்ததில்ல, அதுவும் யாரையும் தொந்தரவு பண்ணினதில்ல.

போட்டை ஓட்டினது என் மச்சினன் தஸ்நேவிஸ். என் பொண்டாட்டி ஜசிந்தாவோட தம்பி. கடலுக்குள்ள கெட்டிக்காரன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கரைக்கு வந்தா ஒரே தொணதொணப்பு. போன பங்குனியில ஒரு நாள் வந்து நிக்கான்.

"அத்தான், டேங்க் அடியில அரிச்சுப் போச்சு. பில்டர்ல துரு துருவா வருது. போட்டு அடியில தேங்குற தண்ணியில டீசல் மிதக்கு. வாற மீன்பிடித் தடைக்காலத்துல போட்டைக் கரையேத்தும்போது டேங்கை மாத்திருவோம்."

நான் வாயைத் திறக்கல. நான் அடுத்தவன் வேலையில தலையிடுற ஆளே இல்ல தம்பி. "போலே, உனக்கு என்ன தெரியும்"னு ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

ஏன்னா டேங்கை மாத்தணும்னா என்ன செய்யணும் தெரியுமா? மேல உள்ள தட்டைப் பிரிக்கணும். தட்டுக்கு மேல என்ன இருக்கு? என் வீல் ரூம். சுக்கான் பிடிச்சு ஓட்டுற அறை. அதை நான் முந்தின வருசம்தான் புதுசாக் கட்டினேன். தேக்கு. சுத்திக் கண்ணாடி. உள்ள மெத்தை வச்ச பெஞ்சு, காத்தாடி, சன்னலுக்குச் சன்னல் திரை. தஸ்நேவிஸ் அப்பவே, "இம்புட்டுப் பாரம் மேல வேண்டாம் அத்தான், போட்டு ஆடும்"ன்னான். பொறாமை. பங்குச் சாமியாரு வந்து மந்திரிச்சு, தண்ணி தெளிச்சு, "ரெமிஜியூஸ், இது பங்களா மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதை ஒரு டேங்குக்காகப் பிரிக்கச் சொன்னா யாருக்குத்தான் மனசு வரும்? நீங்களே சொல்லுங்க.

அதனால ஒழுகுறதை நானே பாத்துக்கிட்டேன். குளிக்கிற சோப்பை எடுத்து, ஒழுகுற இடத்துல அழுத்தித் தேய்க்கணும். நின்னுரும். மறுநா பக்கத்துல ஒழுகும். அங்கயும் தேய்க்கணும். பெறகு ஒரு பசை வாங்கிட்டு வந்து மேல அப்பினேன், அதுக்கு மேல துணி சுத்தி வச்சேன். பாத்தா ஆஸ்பத்திரியில கெட்டுப் போட்ட மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கும் குறை. கடல்ல சமைக்கிற குழம்புல டீசல் வாடை அடிக்குன்னு ஆளுங்க சாப்பிட மாட்டேன்னுட்டானுங்க. நான் சாப்பிட்டுப் பாத்தேன். பூண்டு கம்மி, அம்புட்டுதான்.

பெறகு தஸ்நேவிஸ் என்ன செஞ்சான் தெரியுமா? சாவியைக் கொண்டாந்து வீட்டு மேசையில வச்சான். அக்காளைப் பாத்துப் பேசுதான், என்னைப் பாத்து இல்ல. "அக்கா, அடியில டீசல் கிடக்கு, பின்னால அடுப்பு எரியுது. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நான் இனி இதுல போக மாட்டேன். டேங்கை மாத்துங்க, வாறேன்." சொல்லிட்டு வேற ஒருத்தர் போட்டுல ஏறிட்டான்.

பயந்தாங்கொள்ளி. நான் அந்த எஞ்சின் அறைக்குள்ள உக்காந்து பீடியே குடிச்சிருக்கேன். என்ன ஆச்சு? இந்தா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்லா?

ஜசிந்தா சொன்னா, "இந்தாருங்க, அவன் சொல்லுததைக் கேளுங்க." நான் வாயைத் திறக்கல. "உன் தம்பி இல்லன்னா போட்டு ஓடாதா"ன்னு கேட்டுட்டு, மறுநா விடியக்காலம் ரெண்டு ஆளைச் சேத்துக்கிட்டு நானே சுக்கான் பிடிச்சேன். நான் சுக்கான் பிடிச்சு ரொம்ப வருசம் ஆகியிருந்துச்சு. அது மறக்குற விசயமா? சைக்கிள் மாதிரிதான.

போகும்போது நல்லாத்தான் போச்சு. வீல் ரூம்ல காத்தாடியைப் போட்டு உக்காந்தேன். ராசா மாதிரி. மத்தியானம் வலையை இழுக்கும்போது எஞ்சின் இருமுச்சு. சளி பிடிச்ச கிழவன் இருமுவான் பாருங்க, அப்படி. பெறகு நின்னுட்டு. கீழ போயி பில்டரைக் கழட்டினா உள்ள கருப்பா, பிசுபிசுன்னு, அல்வா மாதிரி. தொடச்சு மாட்டினேன். கொஞ்ச நேரம் ஓடுச்சு. திரும்ப நின்னுட்டு. குழாயை வாயில வச்சு உறிஞ்சி இழுத்தேன், வாய் பூரா டீசல். ஒண்ணும் நடக்கல.

அன்னைக்குன்னு கச்சான் காத்து. கரையில இருந்து கடலுக்குள்ள தள்ளும். எஞ்சின் ஓடாத போட்டு அலைக்குக் குறுக்க திரும்பிக்கிடுச்சு. இந்தப் பக்கம் சாஞ்சா தட்டு நனையும், அந்தப் பக்கம் சாஞ்சா தட்டு நனையும். வீல் ரூம்ல திரையெல்லாம் வெளியே பறக்கு. கூட வந்ததுல ஒருத்தன் குடலைக் கக்குதான். இன்னொருத்தன் மாதாவே மாதாவேன்னு அழுதான். நான் அழல. நான் சும்மா செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன். சத்தமாச் சொன்னேன், காத்துல கேக்கணுமில்லா.

வயர்லெஸ் இருந்துச்சு. கூப்பிடலாம்தான். கூப்பிட்டா என்னன்னு சொல்லுவேன்? கேக்கதுல பாதிப் பேரு தஸ்நேவிஸோட கூட்டாளி. கொஞ்ச நேரம் பாப்போம், காத்து மாறும்னு இருந்தேன். காத்து எனக்காக மாறல. அழுதான்லா அவன், நான் உத்தரவு குடுக்காமலே மைக்கை எடுத்து எல்லாத்தையும் சொல்லிட்டான். கட்டுப்பாடு இல்லாத பயக்க.

யாரு வந்தா? அவனேதான். தான் போன போட்டுக்காரரு கிட்ட கெஞ்சி, பாதி இழுத்த வலையைச் சுருட்டச் சொல்லிட்டு வந்திருக்கான். கிட்ட வந்து கயிறை எறிஞ்சான். எனக்கு எட்டாம எறிஞ்சான். திரும்ப எறிஞ்சான், பிடிச்சேன், கயிறுல முடிச்சு விழ மாட்டேங்குது. அந்த ஆட்டத்துல அவன் போட்டுல இருந்து என் போட்டுக்கு ஒரே தாவு. தாவி வந்து, என் கையில இருந்த கயிறை வாங்கினான். என் தோளைப் பிடிச்சு அமுக்கி, கீழ உக்கார வச்சான். என்ன இருந்தாலும் முதலாளி நிக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது.

கட்டி இழுத்துக்கிட்டு வாற வழி பூரா ஒரு வார்த்தை பேசல தம்பி. அத்தான் எப்படி இருக்கியன்னு ஒரு வார்த்தை? இல்ல. கீழ போயி எஞ்சின் அறையைப் பாத்துட்டு மேல ஏறி வந்தான். கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா வடியுது. டீசல் நெடி அவனுக்கு ஆகாது. சின்னதுலயே அப்படித்தான்.

துறைமுகத்துல ஜசிந்தா நிக்கா. அங்க பொம்பளைக்கு என்ன வேலை? தலையை முடியாம, காலுல செருப்பு இல்லாம நிக்கா. நான் இறங்கினதுதான் தாமதம், ரெண்டு கையாலயும் என் நெஞ்சுல மடார் மடார்னு அடிச்சா. ஊரே பாக்குது. நான் வாயைத் திறக்கல. உண்மையிலேயே திறக்கல. பெறகு அவளே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. டீசல் வாடைச் சட்டை, அதுல முகத்தை வச்சுக்கிட்டு. துவைக்குறது அவதானே, எவ்வளவு கறைன்னு பாத்திருப்பா.

வீட்டுக்கு வந்ததும் சொன்னா: "டேங்கை மாத்துதோம்." கேக்கல தம்பி. சொன்னா.

தடைக்காலம் வந்துச்சு. எல்லாப் போட்டையும் கரையேத்தினாவ. ஜசிந்தா தம்பியைக் கூப்பிட்டா. வெல்டிங் கடை காசிப்பாண்டியையும் கூப்பிட்டா. அவருகிட்ட நான் நயமா ஒரு யோசனை சொன்னேன். "பாண்டி, மேல எதையும் தொடாதீங்க. கீழ உள்ளயே வச்சு டேங்கைக் காஸால வெட்டித் துண்டு துண்டா எடுத்துருங்க." அவரு என்னைப் பாத்தாரு, டேங்கைப் பாத்தாரு. "அண்ணாச்சி, டீசல் ஊறின மரத்துக்குள்ள நெருப்பைக் கொண்டாரச் சொல்லுதிய. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளை இருக்கு"ன்னாரு. நான் பிள்ளையைப் பத்தியா கேட்டேன்?

ஆகக் கடைசியில வீல் ரூமைக் கழட்டித் தூக்கி எறக்குறதுன்னு முடிவு பண்ணிட்டாவ. மூணு பேரும் சேந்து. கிரேன் வாற அன்னைக்கு நான் மதியச் சாப்பாட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போயி வீல் ரூமுக்குள்ள உக்காந்துட்டேன். அறப்போராட்டம். நான் உள்ள இருக்கும்போது எப்படித் தூக்குவான்? ஜசிந்தா கீழ இருந்து மூணு தடவை கூப்பிட்டா. நான் திரையை இழுத்து விட்டேன்.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, அந்த மெத்தை. அன்னைக்கு அயிலைக் குழம்பு. சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சாஞ்சேன். காத்தாடி இல்லாட்டியும் நல்ல காத்து. அப்படியே கண் அசந்துட்டு. கீழ உள்ளவன் எட்டிப் பாத்திருக்கான், ஆளைக் காணோம், கோவத்துல வீட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சிருக்கான். போல்டைக் கழட்டி, நாலு மூலையிலயும் கிரேன் வாரைக் கட்டிட்டானுவ.

நான் முழிக்கும்போது சன்னல் வழியா வானம் தெரியுது. எழுந்து பாக்கேன், கீழ பூமி தெரியுது. போட்டு தனியா அங்க கிடக்கு. நான் தனியா இங்க தொங்குதேன்.

வேற யாரா இருந்தாலும் கத்தியிருப்பான். நான் யோசிச்சேன். கத்தினா நிறுத்துவான். நிறுத்தினா நடு வானத்துல நிக்கணும், ஊரு கூடிச் சிரிக்கும். அதனால எழுந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டேன், வேட்டியைச் சரியாக் கட்டினேன், சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு நேரா முன்னால பாத்து நின்னேன். முதலாளி மேற்பார்வை பாக்காருன்னு தெரியணும்லா. ஒரு காத்து அடிச்சு வீல் ரூம் கொஞ்சம் திரும்புச்சு. நானும் சுக்கானைத் திருப்பினேன். பழக்கம்.

அப்பதான் கீழ எவனோ பாத்துட்டு விசில் அடிச்சான். பெறகு கைதட்டு. அந்தத் தளத்துல எத்தனை போட்டு நிக்குது, அத்தனையிலயும் வேலை பாத்தவனெல்லாம் வேலையை விட்டுட்டுக் கை தட்டுதான். சிலபேரு உக்காந்துட்டான், நிக்க முடியல போல, வெயில். நான் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். கிரேன்காரன் மட்டும் என்னைப் பாத்ததும் வெளிறிப் போயி, பூப் போல மண்ணுல எறக்கி வச்சான். ஜசிந்தா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா. அவளுக்குத் தோள் குலுங்குச்சு. பாவம், பயந்துட்டா.

பெறகு தட்டைப் பிரிச்சு, டேங்கை வெளியே எடுத்தாவ. நானும் போயி நின்னேன். பாக்குறதுக்கு ஒண்ணும் அப்படி மோசமில்ல. மேல்பக்கம் பெயிண்டு கூட இருந்துச்சு. பெரட்டிப் போட்டாவ. தஸ்நேவிஸ் குனிஞ்சு, அடித்தகட்டுல கட்டைவிரலை வச்சு அமுக்கினான். ரொம்ப அமுக்கல. அப்பளம் மாதிரி உள்ள போயிட்டு. பக்கத்துல அமுக்கினான், அங்கயும் போச்சு. என் சோப்பு இருந்த இடம் மட்டும்தான் கெட்டியா இருந்துச்சு. அதைக் காட்டினேன். யாரும் கண்டுக்கல.

ஜசிந்தா அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டே இருந்தா. "அன்னைக்கு இதுக்கு மேல உக்காந்தா போயிருக்கிய"ன்னு கேட்டா. சிரிப்பெல்லாம் போயிட்டு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. தஸ்நேவிஸ் வந்து பக்கத்துல உக்காந்தான். அக்காளும் தம்பியும் அந்த இரும்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. டீ சொல்லட்டான்னு கேட்டேன். நானே போயி வாங்கிட்டு வந்தேன். மூணு டீ. நான் டீ வாங்க நடந்து போறவன் இல்ல தம்பி, ஆளை விட்டுத்தான் வாங்குவேன். அன்னைக்கு ஏனோ போனேன். கையில பாதி சிந்திட்டு.

புது டேங்குக்கும் ஒரு பிரச்சினை. நான் பழைய அளவுலயே பெருசா ஒண்ணு அடிங்கன்னேன். அவங்க கேக்கல. சின்னதா ரெண்டு அடிச்சாவ. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணு கெட்டா இன்னொண்ணுல ஓடலாமாம். மேல கைவிட்டுக் கழுவ மூடி, அடியில கசடு எறக்கத் திருகு. சின்னதா இருக்கதால இனி எப்ப மாத்தணும்னாலும் எஞ்சின் அறை வாசல் வழியாவே எடுத்துரலாம், மேல உள்ள எதையும் பிரிக்க வேண்டாம். இதைக் காசிப்பாண்டி பெருசா எனக்கு விளக்குதாரு! மேல உள்ளதைப் பிரிக்கக் கூடாதுன்னு மொதல்ல சொன்னது யாரு? அதைத்தானே நான் முதல் நாளுல இருந்து சொல்லுதேன்! நம்ம கொள்கையை எடுத்து நமக்கே சொல்லித் தாரானுவ. நான் வாயைத் திறக்கல.

வீல் ரூம் திரும்ப ஏறல. தஸ்நேவிஸ் லேசா பலகையில ஒண்ணு அடிச்சுக்கிட்டான். ஒரு ஆளு நிக்கலாம், மெத்தை கிடையாது. என்னோடது கொஞ்ச நாள் மண்ணுலயே நின்னுச்சு, பெறகு ஜசிந்தா அதை யாருக்கோ குடுத்துட்டா. ஐஸ் கட்டி விக்கிறவன் வாங்கிட்டுப் போனான். தேக்குல ஐஸ் விக்கான், அவன் யோகம்.

தடை முடிஞ்சு மொதப் பாடு, மொத நாள் கடலுக்குப் போறது. தஸ்நேவிஸ் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை என்னைப் பாத்துப் பேசினான். "அத்தான், வாங்க, கூட வாங்க. சும்மா உக்காந்து பாருங்க." ஜசிந்தாவும் என் முகத்தைப் பாக்கா. நான் வரலன்னுட்டேன். கரையிலயும் ஒரு ஆளு வேணும்லா. அதுவும் போக, அன்னைக்கு அந்தக் கடல்ல... விடுங்க. எனக்கு முட்டு வலி.

விடிஞ்சும் விடியாம போனாவ. வெயில் ஏறினதுக்குப் பெறகு மீனவர் சங்கத்து வயர்லெஸ் பக்கமா நான் சும்மா நடந்து போனேன். தஸ்நேவிஸ் கூப்பிடுதான். "அத்தான் இருக்காவளா? அத்தானைக் குடுங்க." நான் வாங்கினேன். என்னலேன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தான். கேளுங்க"ன்னான்.

மைக்கை எஞ்சின் கிட்ட கொண்டு போயிருக்கான். சத்தம் கேக்கு. டொப டொப டொபன்னு, ஒரு இருமல் இல்லாம, ஒரு தடுமாட்டம் இல்லாம. பழைய எஞ்சின்தான் தம்பி. அது இப்படி ஓடி நான் கேட்டு எத்தனையோ காலம். சுத்தி நாலஞ்சு பேரு நிக்கானுவ, நான் என்ன சொல்லுவேன்னு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சேன். அந்த அறையில தூசி.

"டேங்க் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்ல"ன்னேன்.

சிரிச்சான். கூட இருந்த ஆளுங்களும் சிரிச்சானுவ, கேட்டுச்சு. என்ன சிரிப்பு? அளவு பத்தித்தானே சொன்னேன்? ஆனா அவன் மைக்கை எடுக்கல. அப்படியே எஞ்சின் கிட்டயே வச்சுட்டான். போட்டு தூரம் போகப் போகச் சத்தம் இரைச்சலோட கலந்து, கலந்து, கடைசியில இரைச்சல் மட்டும்தான். அதுவரைக்கும் நான் காதுல இருந்து எடுக்கல.

என்னத்துக்குன்னு கேக்குதியளா? குறை கண்டுபிடிக்கத்தான். எங்கயாவது ஒரு இடத்துல தட்டும்னு பாத்தேன். தட்டல. அதுக்குப் பெறகு தினமும் காலையில போயிக் கேக்கேன். அவனும் தினமும் மைக்கை வைக்கான். இன்னைக்கு மக வீட்டுக்குப் போறேன்னு நேத்தே அவன்கிட்ட சொல்லிட்டேன். "அப்ப உங்க போனுக்குக் கூப்பிடுதேன் அத்தான், சிக்னல் இருக்கிற வரைக்கும்"னான்.

இந்தா, போன் அடிக்குது பாருங்க. கொஞ்சம் பொறுங்க தம்பி. பஸ்ஸுல ஒரே இரைச்சல், அந்தக் கண்ணாடியை மூடிருங்க.